அப்பாவின் நாலணாக்களை விற்கப் போனபோது நடந்தவை

வீட்டில் ஒரு தகர டப்பாவிலோ ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ பழைய நாணயங்கள் கிடக்கின்றன, விற்றால் என்ன கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்பா விட்டுச்சென்ற நாணயங்களை விற்க முயன்றதில் என் கைப்பணம் 18,250 ரூபாயும், அவர் பல்லாண்டுகள் பத்திரமாக வைத்திருந்த வெள்ளிக் காசுகளும் போயின. அதைவிட வலித்தது, தம்பியும் தங்கையும் நானும் சில மாதங்கள் முகம்கொடுத்துப் பேசாமல் இருந்ததுதான். யாராவது ஒருவர் முன்கூட்டியே ஓரிரு செய்திகளைச் சொல்லியிருந்தால் இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம் என்பதால், எதையும் மறைக்காமல் நடந்தபடியே சொல்கிறேன்.

அப்பா நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கல்லாவில் விழும் சில்லறையில் வழக்கத்துக்கு மாறான காசு எதுவாக இருந்தாலும் அதைத் தனியே எடுத்து வைத்து, அதற்கு ஈடான தொகையைத் தன் பையிலிருந்து கல்லாவில் போட்டுவிடுவார். அவ்வாறு சேர்ந்தவற்றை ஒரு நீளக் கணக்கு நோட்டில் எழுதியும் வைத்திருந்தார். அவர் மறைந்தபின் பீரோவின் அடித்தட்டிலிருந்து டப்பாவையும் நோட்டையும் அம்மா எடுத்துக் கொடுத்தார்கள். நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: நாலணா 112, எட்டணா 40, ஓட்டைக் காலணா 17, தாமரைக் காசு 26, சக்கரம் 31, பணம் 9, வள்ளுவர் காசு 6. எழுதியவருக்கு இது முழுமையான பட்டியல். எங்களுக்கோ இதிலிருந்துதான் எல்லாச் சிக்கலும் தொடங்கியது.

முதல் குழப்பம் 'பணம் 9' என்ற வரியில் வந்தது. அப்பா யாருக்கோ ஒன்பதாயிரம் கடன் கொடுத்திருக்கிறார் என்று தம்பி மஸ்கட்டிலிருந்து தொலைபேசியில் உறுதியாகச் சொன்னான். கடைக்குப் பழக்கமானவர்களிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னான், கேட்டேன், கேட்கப்பட்டவர்கள் மனம் வருந்தினார்கள். உண்மையில் பணம் என்பது திருவிதாங்கூர் அரசின் சிறு வெள்ளி நாணயத்தின் பெயர். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தில் இல்லை என்பதையும், எங்கள் தாத்தா காலத்துக் கல்லாவில் சக்கரமும் அணாவும் கலந்தே கிடந்தன என்பதையும் நாங்கள் பள்ளியில் படித்திருந்தோம். ஆனால் அந்த ஒற்றை வரியைப் பார்த்தபோது எங்கள் மூவரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எங்கள் பக்கத்து முதியவர்கள் இன்றும் பொதுவாகக் கையிருப்பைச் 'சக்கரம்' என்று சொல்வதுண்டு. திருநெல்வேலியில் அதையே 'துட்டு' என்பார்கள். பெயர் பொதுச்சொல்லாகிவிட்டால், அது ஒரு காலத்தில் ஒரு குறிப்பிட்ட காசைச் சுட்டியது என்பது வீட்டுக்குள்ளேயே மறந்துபோகிறது. ஆகவே பெரியவர்கள் இருக்கும்போதே டப்பாவை அவர்கள் முன் கொட்டி, ஒவ்வொரு காசையும் கையில் கொடுத்து, அதற்கு அவர்கள் சொல்லும் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அம்மா இருந்தது பெரும் பேறு.

அடுத்தது நாலணா. இந்தச் சொல்லால்தான் வெள்ளிக் காசுகள் போயின என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற கணக்கு வந்தபோது, அதுவரை ஒரு ரூபாயாக இருந்த 16 அணாவை நூறாக வகுத்தால் ஓரணாவுக்கு ஆறேகால் பைசா வந்தது. கடைகளில் ஓரணாவுக்கு 6 பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என்று அட்டவணை வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடந்தது. அப்போது சிறுவனாகக் கடையில் நின்ற அப்பா அந்த அட்டவணையைக் கடைசிவரை மனப்பாடமாகச் சொல்வார். அணாக் காசுகளில் மிச்சமில்லாமல் பொருந்தியவை நாலணாவுக்கு 25 பைசாவும் எட்டணாவுக்கு 50 பைசாவும்தான். அதனால்தான் ஓரணா, இரண்டணா என்ற பெயர்கள் பேச்சிலிருந்து மெல்ல விலக, நாலணாவும் எட்டணாவும் புதிய காசுகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன என்று நினைக்கிறேன். நான் பள்ளிக்குச் சென்ற காலத்திலும் 25 பைசாவை யாரும் 25 பைசா என்று சொல்லிக் கேட்டதில்லை.

ஆகவே நாலணா என்ற ஒரே பெயருக்குக் கீழே குறைந்தது நான்கு வகைக் காசுகள் இருக்கலாம். அரசர் தலை பொறித்த வெள்ளிக் கால் ரூபாய் ஒன்று. அதிலும் ஏறக்குறைய 1940 வரை வந்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்குக்கு மேல் வெள்ளி, அதன்பின் 1945 வரை வந்தவற்றில் பாதிதான் வெள்ளி. அடுத்து 1946, 1947ஆம் ஆண்டுகளின் புலி உருவம் கொண்ட நிக்கல் கால் ரூபாய். மூன்றாவது, 1950 முதல் வந்த சிங்கத்தூண் கால் ரூபாய். நான்காவதாக 1957க்குப் பிந்தைய 25 பைசாக்கள். அவை நிக்கலில் தொடங்கி, செம்பு கலந்த நிக்கலாகி, 1988 முதல் காண்டாமிருகப் படம் போட்ட எவர்சில்வர் காசாக வந்து முடிந்தன. அப்பாவின் நோட்டில் இவை அனைத்தும் சேர்ந்துதான் 'நாலணா 112'.

தம்பி அவசரப்படுத்தியதாலும், மூன்று பங்காகப் பிரிப்பதென்றால் பணமாக்கிப் பிரிப்பதே சுலபம் என்று தங்கை கருதியதாலும், பழைய காசு வாங்குபவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். என்ன இருக்கிறது என்று கேட்டார். நோட்டைப் பார்த்து வாசித்தேன். நாலணா ஒன்றுக்கு மூன்று ரூபாய், எட்டணா ஒன்றுக்கு ஐந்து ரூபாய் என்று விலை சொன்னார். காண்டாமிருகக் காசை மனத்தில் வைத்து யோசித்தால் அது நல்ல விலை. மறுநாள் வீட்டுக்கு வந்து திண்ணையில் துணி விரித்துக் கொட்டினார். அவர் விரல்கள் எடுத்தவுடனே அரசர் தலைகளைப் பொறுக்கித் தனியே சேர்ப்பதைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. 'அதெல்லாம் வேறு மாதிரி இருக்கிறதே' என்றேன். 'நாலணாதானே அக்கா, நேற்று நீங்கள் சொன்னதும் அதுதானே, பேசின விலை பேசினதுதான்' என்று சொல்லி, மொத்தத்துக்கும் பணத்தை எண்ணி அம்மா கையில் வைத்துவிட்டார். வயதானவர் கையில் கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்கச் சொல்லி அக்கம்பக்கத்தார் முன் வாதாடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த ஆள் அறிந்தே செய்தார் என்று இன்றும் நம்புகிறேன். மூன்று ரூபாய்க்குப் போனவற்றில் பதினொன்று வெள்ளிக் கால் ரூபாய்கள் என்று பிறகு கணக்கிட்டேன். ஒன்றின் எடை ஏறக்குறைய 2.92 கிராம்; பதினொன்றும் சேர்ந்தால் 32 கிராம். நாணயச் சேகரிப்பாளர் தரும் விலையை விட்டுவிட்டு உருக்கினால் கிடைக்கும் வெள்ளியை மட்டும் கணக்கிட்டாலும், எங்களுக்கு வந்த முப்பத்து மூன்று ரூபாய் எங்கே, அது எங்கே!

இதிலிருந்து நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது ஒன்று: விலை பேசும்போது வீட்டுப் பெயரை வாயில் எடுக்காதீர்கள். காசில் இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள். எந்த ஆண்டு, முன்பக்கம் அரசர் தலையா சிங்கத்தூணா, பின்பக்கம் என்ன உருவம், என்ன உலோகம் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரு விலைக்குள் பத்து வகையை அடைக்க முடியாது. உலோகம் தெரியாவிட்டால் ஒரு சாதாரணக் காந்தம் போதும். சுத்த நிக்கலும் எவர்சில்வர் 25 பைசாவும் காந்தத்தில் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. செம்பு கலந்த நிக்கலும் ஒட்டாது என்பதால், ஒட்டாததெல்லாம் வெள்ளி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆனால் ஒட்டியவற்றை ஒதுக்கிவிட்டு எஞ்சியதை ஆண்டு பார்த்துப் பிரிக்க இது மிகவும் உதவும். இரண்டாவது, உங்கள் முன்னிலையில் பிரித்து எண்ணி, வகை வாரியாக எழுதிக் கையெழுத்து வாங்காமல் யார் கையிலும் பணம் வாங்காதீர்கள், வீட்டிலுள்ள பெரியவர்களையும் வாங்கவிடாதீர்கள். அந்த வெள்ளிக் காசுகளுக்காகத்தான் வீட்டில் பேச்சு நின்றது. வெள்ளி நாலணா என்று அப்பா சொல்லிக் கேட்டதாகத் தங்கைக்கு நினைவிருந்தது. நான் அவற்றை ஒளித்து வைத்துவிட்டுக் கணக்குச் சொல்கிறேன் என்று அவளுக்கு ஐயம். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பட்டியலே தெளிவாக இல்லாதபோது ஐயத்துக்கு இடம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் அந்த நாட்களில் இரவில் உறக்கம் இல்லாமல் கிடந்தேன்.

அந்தக் காயத்தில் இருந்தபோதுதான் இரண்டாவது அடி. போன வெள்ளியை எப்படியாவது ஈடுகட்டிவிட வேண்டும் என்று, மீதமிருந்த சக்கரம், பணம், ஓட்டைக் காலணா, தாமரைக் காசு ஆகியவற்றைப் படமெடுத்து இணையத்தில் பொருள்கள் வாங்கி விற்கும் ஒரு தளத்தில் போட்டேன். அன்று மாலையே அழைப்பு வந்தது. தமிழும் இந்தியும் கலந்து பேசிய ஒருவர் மிகுந்த மரியாதையோடு 'மேடம்' என்று தொடங்கினார். வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் இருக்கிறதா என்று முதலில் கேட்டார், இல்லை என்றேன். சங்கு முத்திரை போட்ட ஒரு காசைக் குறிப்பிட்டு, அது மிக அரியது, 3,20,000 ரூபாய் தருகிறோம் என்றார். பதிவுக் கட்டணமாக 1,550 ரூபாய் அனுப்பினால் ஆள் வீட்டுக்கே வந்து முழுத்தொகையும் தருவார் என்றார். அனுப்பினேன். பிறகு ஜிஎஸ்டி என்று 6,800. பிறகு ரிசர்வ் வங்கியின் அனுமதிச் சான்று என்று 9,900. ஒவ்வொரு முறையும் முந்தைய தொகை திரும்பி வரும் என்ற உறுதியும், இன்று மாலைக்குள் முடியாவிட்டால் வாங்குபவர் விலகிவிடுவார் என்ற அவசரமும் சேர்ந்தே வரும். முதல் தொகை போனபின் அடுத்ததைக் கொடுக்காவிட்டால் முதலும் போய்விடுமே என்ற அச்சம்தான் மனிதரைப் பிடித்து இழுக்கிறது. அந்த அச்சத்தின் மேல்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

அடுத்து காப்பீட்டுக்கு 24,000 கேட்டார்கள். நம்பிக்கை தருவதற்காக ஒரு சான்றிதழையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். ரிசர்வ் வங்கியின் சின்னம், கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன. காசைப் பற்றிய விவரத்தில் 'கி.பி. 1116ஆம் ஆண்டுத் தொல்பொருள் நாணயம்' என்று போட்டிருந்தது. தம்பி அதைப் பார்த்து, சோழர் காலத்துக் காசு, ஆயிரம் ஆண்டுப் பழமை, மூன்று லட்சம் குறைவு என்றான். நான் காசையும் சான்றிதழையும் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு அம்மா சொன்னார்கள்: 'இது கொல்லம் வருசம்லா மக்களே.'

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் விளங்கிவிட்டது. திருவிதாங்கூர் நாணயங்கள் பலவற்றில் பொறிக்கப்பட்டிருப்பது கொல்லம் ஆண்டு. அந்த ஆண்டுக்கணக்கு கி.பி. 825இல் தொடங்குகிறது; ஆவணி முதல் நாள் அதற்குப் புத்தாண்டு. ஆகவே காசில் உள்ள எண்ணோடு 825ஐக் கூட்ட வேண்டும். ஆவணி முதல் டிசம்பர் வரையிலான மாதங்களுக்கு 824. அப்பாவின் காசில் இருந்த 1116 என்பது 1940, 41ஆம் ஆண்டு; பாலராம வர்மா மகாராஜா ஆண்ட காலம். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலேயே கொல்லம் ஆண்டு அச்சாகி வருகிறது. ரிசர்வ் வங்கி சான்று கொடுப்பது ஒருபக்கம் இருக்கட்டும், நாணயத்தைப் பற்றி எளிய அறிவுள்ள எவரும் இந்தச் சான்றை எழுதியிருக்க முடியாது. படத்தில் தெரிந்த எண்ணை அப்படியே படித்து கி.பி. என்று போட்டுவிட்டார்கள். 24,000 அனுப்பவில்லை. அனுப்பாவிட்டால் வருமானவரிக்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்று மிரட்டல் வந்தது. அந்த எண்ணைத் தடுத்ததும் வேறு எண்ணிலிருந்து வந்தது. மிரட்டலுக்கு நான் நடுங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை, யாரும் வரவில்லை.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்றே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, அதற்காக எவரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. இதை நினைவில் வைத்தாலே போதும்: பொருளை விற்பவர் நீங்கள், பணம் உங்களை நோக்கித்தான் வர வேண்டும். உங்களிடமிருந்து முதலில் ஒரு ரூபாய் கேட்டாலும், அதற்கு என்ன பெயர் வைத்தாலும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால், அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணை அழைத்துப் பதிவு செய்யுங்கள். மோசடி செய்தவரின் கணக்கில் பணம் இருக்கும்வரைதான் அதை முடக்க வழி உண்டு. நான் வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் சில நாட்கள் இருந்துவிட்டுப் புகார் கொடுத்தபோது பணம் பல கணக்குகள் மாறிப் போயிருந்தது. அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் உரிய பரிவர்த்தனை எண், அழைப்பு வந்த எண்கள், அனுப்பப்பட்ட சான்றிதழ் எதையும் அழிக்காமல் வைத்திருந்தது புகாரில் பயன்பட்டது. தொகை இன்றுவரை திரும்பவில்லை.

அந்த வைஷ்ணவி தேவி நாணயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றும் உறவினர்கள் என்னிடம் அதைத்தான் கேட்கிறார்கள். அது அந்தக் கோயில் வாரியத்தின் வெள்ளிவிழாவுக்காக 2012 என்று ஆண்டு பொறித்துப் பொதுப் புழக்கத்துக்கு விடப்பட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசு. பேருந்துச் சில்லறையில் கிடைக்கக்கூடியது. லட்சம் தருகிறேன் என்பவர் காசை வாங்க வரவில்லை, உங்கள் பணத்தைப் பறித்துப்போக வருகிறார். நம் ஊர் சார்ந்த நினைவுக் காசுகளுக்கும் இதுவே பொருந்தும். 1995இல் தஞ்சையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டுக்கான வள்ளுவர் காசு, 2003ஆம் ஆண்டுக் காமராசர் நூற்றாண்டு ஐந்து ரூபாய், 2009இல் வந்த பேரறிஞர் அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய், 2010இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த ஐந்து ரூபாய் ஆகியவை கைக்குக் கிடைத்தால் மகிழ்ச்சியோடு எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டார் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்க வேண்டியவை என்றே நான் நினைக்கிறேன். விற்கப்போனால் முகமதிப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவே.

இதற்கிடையில் வேறு வகையான ஆட்களும் வந்தார்கள். ஒருவர் செம்புச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, அது அரிசியை இழுக்குமா என்று கேட்டார். அரிசியை இழுக்கும் செம்புக்கு அரிய ஆற்றல் உண்டு என்று நம்பவைத்து, ரைஸ் புல்லிங், இரிடியம் என்ற பெயர்களில் நடக்கும் இந்த மோசடியில் நம் மாநிலத்தில் அடிக்கடி ஆட்கள் கைதாகிறார்கள், வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். இன்னொருவர், தோட்டத்தில் குழி தோண்டும்போது கிடைத்ததாகச் சொன்னால் விலை கூடும் என்று யோசனை சொன்னார். இது ஆபத்தான யோசனை. மண்ணுக்குள் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்; அது இன்றும் நடப்பில் உள்ளது. கடைச் சில்லறையில் சேர்ந்ததைப் புதையல் என்று சொல்லி நாமே ஒரு வழக்கை இழுத்துக்கொள்ள வேண்டாம். ராமர், அனுமார் உருவத்தோடு கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818 போன்ற ஆண்டும் போட்ட 'அரையணா'வைக் கொண்டுவந்து எங்கள் காசுக்கு மாற்றாகத் தருவதாகச் சொன்னவரும் உண்டு. அவை கம்பெனி வெளியிட்டவையே அல்ல, பிற்காலத்தில் விற்பனைக்காகச் செய்யப்பட்டவை.

எனக்குக் கண் திறந்தது திருநெல்வேலியில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில். அங்கே ஒரு முதிய சேகரிப்பாளர், விற்கச் சொல்லாமலும் வாங்குவதாகச் சொல்லாமலும், அப்பாவின் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காசுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓட்டைக் காலணா எனப்படுவது 1943 முதல் 1947 வரை வந்த, நடுவில் துளையிட்ட வெண்கலக் காசு. ஒரு ரூபாய்க்கு 64. தாமரைக் காசு என்று அப்பா எழுதியது 1968 முதல் 1971 வரை வந்த மஞ்சள் நிற 20 பைசா. ஆண்டுக்குக் கீழே பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்: விடுதலைக்குப் பிந்தைய காசுகளில் சாய்சதுரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே ஆண்டு, ஒரே காசானாலும் அச்சிட்ட இடத்தைப் பொறுத்து விலை மாறும் என்பதை அன்றுதான் அறிந்தேன். சில காசுகளைப் பார்த்து வருத்தத்தோடு வைத்துவிட்டார். தங்கை அன்போடு புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியவை அவை. பழைய காசின் மேல் படிந்த நிறத்தைத் தேய்த்தால் சேகரிப்பாளர் அதைத் தொடமாட்டார். புளி, திருநீறு, எலுமிச்சை, பல்பொடி எதுவும் வேண்டாம். சாதாரணக் காகித உறைகளில் தனித்தனியாகப் போட்டு ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும். எப்படி விலை கேட்பது என்று கேட்டேன். மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள், முதல் நாளே விற்காதீர்கள், காட்டும்போது கண்ணை எடுக்காதீர்கள் என்றார். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்குச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கிறது. நூறாண்டு கடந்த காசுகளை வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டம் இடம் தராது என்பதால், தம்பி மஸ்கட்டில் விற்றுத்தருவதாகச் சொன்னதையும் அன்றோடு கைவிட்டோம்.

வங்கியில் மாற்றலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது, வங்கி வாங்காது. 50 பைசா இன்றும் செல்லும், ஆனால் சட்டப்படி பத்து ரூபாய் வரைதான் ஒருவர் அதை ஏற்கக் கடமைப்பட்டவர்.

வீடு திரும்பியபின் புதிய நோட்டு ஒன்று போட்டேன். முதல் பத்தியில் அம்மா சொல்லும் பெயர், அடுத்து காசில் பொறித்துள்ள ஆண்டு, கொல்லம் ஆண்டானால் அதற்கு நேரான ஆங்கில ஆண்டு, அடுத்து முன்பக்கமும் பின்பக்கமும் உள்ள உருவங்கள், காந்தத்தில் ஒட்டுகிறதா, அச்சிட்ட இடத்தின் குறி, எண்ணிக்கை, கடைசியில் அம்மாவுக்குத் தெரிந்த கதை ஏதாவது. இருபக்கமும் படமெடுத்துத் தம்பிக்கும் தங்கைக்கும் அனுப்பினேன். அதைப் பார்த்தபின்தான், அந்த ஆள் கொண்டுபோனவை எவை என்று தங்கைக்கு நம்பிக்கையோடு விளக்க முடிந்தது; அவள்தான் முதலில் அழைத்துப் பேசினாள். பணம் ஒன்பதில் மூன்றைத் தலா முந்நூறு ரூபாய்க்கு அடுத்த கண்காட்சியில் விற்றோம். மற்ற ஆறையும் ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். சக்கரங்களை அம்மா விற்கவிடவில்லை. தாமரைக் காசுகளையும் ஓட்டைக் காலணாக்களையும் பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டாகக் கொடுத்துவிட்டு, எதற்கு என்ன பெயர் என்று அம்மாவே அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எஞ்சியவற்றின் கணக்கில் மூவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்திருக்கிறோம்.